ரேடியோ மாதிரியே ஒரு பாட்டுப் பெட்டி

மதுரை திருநகரில் ஒரு வீட்டுச் சுவரில் இப்போது ஒரு மரப்பெட்டி இருக்கிறது. இடது குமிழை 'டக்' என்று திருப்பினால் பாடும், திருப்பி மூடினால் நிற்கும். திரை கிடையாது, விளக்கு கிடையாது, ரிமோட் கிடையாது. 1944-ல் பிறந்து, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது டிமென்ஷியா என்னும் மறதி நோயின் நடுக்கட்டத்தில் இருக்கும் ஒரு பெரியவருக்காகச் செய்தது. நிலைத்து நின்றது இரண்டாவது பெட்டிதான். முதலாவது ஏன் சரிப்படவில்லை என்று சொன்னால்தான் இரண்டாவதில் ஒவ்வொரு பாகமும் எதற்கு என்பது விளங்கும்.

செல்போனில் யூடியூப் போட்டுக் கொடுப்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் நடப்பது. பாட்டுக்கு நடுவே விளம்பரக்காரர் கத்துவார். பெரியவர் பயப்படுவார், அல்லது பதில் சொல்வார். அதோடு அந்த வழி முடிந்தது.

முதல் பெட்டிக்கு வாங்கியது பென் டிரைவ், மெமரி கார்டு, புளூடூத், எஃப்.எம். எல்லாம் சேர்ந்த ரெடிமேட் எம்.பி.3 பலகை. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் 200 ரூபாய்க்குள் கிடைத்தது. ஸ்பீக்கர் வயர் இரண்டு, மின்சார வயர் இரண்டு, அவ்வளவுதான் வேலை. டீக்கடைக்கு அருமையான சாமான். இந்த வேலைக்கு ஆகாது. ஆன் செய்த உடனே ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் 'புளூடூத் மோடு' என்று அறிவிக்கும். அந்தக் குரலை அணைக்க வழி இல்லை, அது சிப்புக்குள்ளேயே இருக்கிறது. குரல் வந்ததும் பெரியவர் வாசலைப் பார்த்து, "யாரோ வந்திருக்காக பாரு, உள்ள கூப்பிடு" என்பார். பாட்டு ஓடும்போது சிவப்பு எண்கள் மினுங்கும். கறுப்பு டேப் ஒட்டினால் அதை உரிப்பதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. கரண்ட் போய் நள்ளிரவில் திரும்பி வந்தபோது பெட்டி தானாக முழுச் சத்தத்தில் பாடத் தொடங்கியது. வயர் வேண்டாமே என்று பவர் பேங்கில் ஓட்டிப் பார்த்தால், பாட்டு நிற்கும் நேரத்தில் இழுக்கும் மின்னோட்டம் போதாமல் பவர் பேங்க் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பிறகு யாராவது அதன் பொத்தானை அமுக்கினால்தான் உயிர் வரும்.

பாட்டால் அவருக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. பாட்டைச் சுற்றி இயந்திரம் தன் பாட்டுக்குச் செய்த காரியங்கள்தான் குழப்பின. இரண்டாவது பெட்டியில் முக்கால்வாசி உழைப்பு அந்தக் காரியங்களை ஒவ்வொன்றாக வாயடைக்கப் போனது.

வாங்கியவை: ஆர்டுயினோ நானோ (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் குட்டிப் பலகை) 320 ரூபாய், டி.எஃப். பிளேயர் மினி (மெமரி கார்டில் உள்ள பாட்டைப் பாடும் பலகை) 140, டி.எஸ்.3231 கடிகாரப் பலகை 170, 4 அங்குல 8 ஓம் 5 வாட் ஸ்பீக்கர் 180, 10 கே (10,000 ஓம்) வால்யூம் கண்ட்ரோல் இரண்டு 70, குமிழ்கள் இரண்டு 80, 16 ஜி.பி. மெமரி கார்டு 350, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் 200, கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், புள்ளிப் பலகை, வயர் எல்லாம் சேர்த்து 120, ஆசாரிக்கும் பிளைவுட் துண்டுக்கும் 450. மொத்தம் 2,080 ரூபாய். நானோ, டி.எஃப். பிளேயர் இரண்டுமே நகல் சரக்குதான். அதனால் வரும் தொல்லைகளைக் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

வால்யூம் கண்ட்ரோல் வாங்கும்போது ஒன்று சுவிட்ச் சேர்ந்ததாக இருக்கட்டும். பழைய ரேடியோவில் இருக்குமே, திருப்பிய உடன் 'டக்' என்று ஆன் ஆகி, மேலும் திருப்பினால் சத்தம் கூடுவது, அதேதான். அந்த 'டக்' முக்கியம். புதிதாக ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லிக் கொடுத்தால் மறுநாள் நினைவிருக்காது. ரேடியோ குமிழைத் திருப்புவது நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. 'பி' என்று அச்சிட்ட நேர்கோட்டு வகையைக் கேட்டு வாங்குங்கள். 'ஏ' வகை ஆடியோ சுற்றுக்கானது. இங்கே அது சத்தத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தப் போவதில்லை, நானோவுக்கு எண்ணாகத்தான் போகிறது.

இணைப்பு எளிது. டி.எஃப். பிளேயரில் செய்தி வாங்கும் ஆர்.எக்ஸ். காலுக்கும் நானோவுக்கும் நடுவில் 1 கே ரெசிஸ்டர் கட்டாயம். நானோ 5 வோல்ட், பிளேயரின் சிப் 3.3 வோல்ட். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ஒரு கிர்ர் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரின் இரு முனையும் எஸ்.பி.கே.1, எஸ்.பி.கே.2 என்ற கால்களுக்கு மட்டுமே போக வேண்டும், எதையும் கிரவுண்டில் (மின்சாரத்தின் மைனஸ் பக்கத்தில்) கட்டக் கூடாது. பிளேயரின் மின்சாரக் கால்களை ஒட்டியே 1000 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. இது இல்லாதபோது தவில் அடி விழும் இடத்தில் மின்னழுத்தம் இறங்கி, பிளேயர் ரீசெட் ஆகி, பாட்டு நடுவில் அறுந்தது. அடாப்டர் மாற்றிப் பார்த்து, கார்டு மாற்றிப் பார்த்து, கடைசியில் பத்து ரூபாய்க் கெப்பாசிட்டரில் தீர்ந்த கோளாறு இது.

கடிகாரப் பலகையில் ஒரு ஆபத்து இருக்கிறது. கடையில் கிடைக்கும் டி.எஸ்.3231 பலகைகளில் பெரும்பாலானவை ரீசார்ஜ் ஆகும் எல்.ஐ.ஆர்.2032 நாணய பேட்டரிக்காகச் செய்தவை. நாம் போடுவது சாதாரண சி.ஆர்.2032. அதற்குள் சார்ஜ் ஏற்றினால் வீங்கும், கசியும். டையோடுக்குப் பக்கத்தில் 201 என்று எழுதிய குட்டி ரெசிஸ்டர் இருக்கும். சால்டரிங் அயர்ன் முனையால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேட்டரி போடுங்கள். கடிகாரம் தடையின்றி ஓடும்.

முதலில் குமிழின் சுவிட்சை மின்சாரப் பாதையிலேயே வைத்துப் பார்த்தோம், ரேடியோவில் இருப்பது போல. திருப்பிய பின் கார்டைப் படித்துப் பாட்டு வர இரண்டு மூன்று நொடி ஆனது. நமக்கு அது நேரமே இல்லை. அவருக்கோ திருப்பினார், சத்தம் வரவில்லை, மூடினார். மறுபடி திருப்பினார், மூடினார். பாட்டு வரவே இல்லை. இப்போது பெட்டிக்கு எப்போதும் மின்சாரம் போகிறது. சுவிட்ச் நானோவுக்கு ஒரு சைகை மட்டும். அரை நொடிக்குள் பாட்டு வந்துவிடுகிறது. எப்போதும் மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரி எண்ணம் போயிற்று. பெட்டி சுவரோடு, வயர் கேசிங்குக்குள், வீட்டு இன்வெர்ட்டர் லைனில். தரையில் வயர் கிடந்தால் தடுக்கி விழுவார் என்பதும் ஒரு காரணம்.

புரோகிராமில் சொல்ல வேண்டியவை சில.

பிளேயரில் சத்தத்தின் அளவு 0 முதல் 30 வரை. குமிழ் தரும் 0 முதல் 1023 வரையான எண்ணை 10 முதல் 22 வரைக்குள் அடக்கிவிட்டோம். 'டக்' என்றதுமே காதில் விழும். எவ்வளவு திருகினாலும் அலறாது. நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் போனின் டெசிபல் ஆப்பை வைத்துப் பார்த்தால் 60 முதல் 68 வரை வருகிறது. குமிழின் எண் சும்மா இருக்கும்போதும் ஒன்றிரண்டு ஏறி இறங்கும். பத்து முறை படித்துச் சராசரி எடுத்து, 20-க்கு மேல் மாறினால் மட்டும் சத்தத்தை மாற்றச் சொல்ல வேண்டும். இல்லையேல் பாட்டு நடுங்கும்.

ஒரு பாட்டு முடிந்ததா என்று அறிய, பிளேயர் அனுப்பும் 'முடிந்தது' செய்தியை நம்ப வேண்டாம். நகல் சிப்புகளில் அது இரண்டு முறை வந்து, ஒரு பாட்டு விட்டு ஒரு பாட்டாகத் தாண்டும். பிஸி என்ற காலைப் பாருங்கள். பாடும்போது அதன் மின்னழுத்தம் தாழ்ந்தும் நின்றதும் உயர்ந்தும் இருக்கும். அரை நொடி தொடர்ந்து உயர்ந்திருந்தால் அடுத்ததைப் போடு என்று எழுதினால் போதும். நிறுத்தும்போது சட்டென்று நிறுத்தினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும். சத்தத்தை ஒவ்வொரு படியாக 80 மில்லி நொடிக்கு ஒன்று இறக்கி, பிறகு நிறுத்தலாம். தொடங்கும்போதும் அப்படியே ஏற்றலாம்.

கரண்ட் போய் வந்தால்: சுவிட்ச் ஏற்கெனவே ஆனில் இருந்து, நேரம் காலை 5.30 முதல் இரவு 9 வரைக்குள் இருந்தால் மட்டும் பாடும். மற்ற நேரத்தில் மௌனம். ஆனால் நடு இரவில் அவரே எழுந்து திருப்பினால் பெட்டி சும்மா இருக்கக் கூடாது. அதற்கென்று தனிக் கோப்புறை, பாதிச் சத்தம், வீணையும் புல்லாங்குழலும் மட்டும். கோப்புறைகளின் பெயர் 01, 02 என இரண்டு இலக்கமாகவும் பாட்டுகள் 001, 002 என மூன்று இலக்கமாகவும் இருக்க வேண்டும். கார்டை ஃபேட் 32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். இந்தப் பிளேயர் 32 ஜி.பி.க்கு மேல் படிக்காது.

வலது குமிழ் பின்னால் சேர்ந்தது. ஒரே குமிழோடு பெட்டியைக் கொடுத்தபோது அவர் கை பெட்டியின் வலப்பக்கம் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. ஸ்டேஷன் மாற்றும் குமிழ். சும்மா ஒரு குமிழை ஒட்டிவைத்தால் திருப்பியும் ஒன்றும் நடக்காததால் "ரேடியோ கெட்டுப்போச்சு" என்ற கவலை வரும். ஆகவே இரண்டாவது வால்யூம் கண்ட்ரோலைப் போட்டு, அதன் எண் 150-க்கு மேல் நகர்ந்தால் அடுத்த பாட்டுக்குப் போகச் செய்தோம். விடாமல் திருகினால் பாட்டுகள் பறக்கும். ஒருமுறை மாறிய பின் 4 நொடிக்கு மாறாது என்று ஒரு பூட்டு.

பெட்டி 12 மி.மீ. பிளைவுட், 30 செ.மீ. அகலம், 20 உயரம், 14 ஆழம். பழைய மர ரேடியோவின் முகம். ஸ்பீக்கர் ஓட்டை 9.5 செ.மீ., மேலே சணல் துணி. குமிழ் 4 செ.மீ. விட்டம், வெளிர் மரத்தில் கறுப்புக் குமிழ். கண்பார்வை மங்கியவருக்கு ஒரே நிறத்தில் இருந்தால் தெரியாது. நானோ, பிளேயர், கடிகாரம் மூன்றிலும் எரியும் குட்டி விளக்குகளின் மேல் கறுப்பு நெயில் பாலிஷ். துணி வழியே அதன் ஒளி கசிந்தால்கூட விரல் அங்கே போகும். உட்கார்ந்து கேட்பவர் என்பதால் தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் மாட்டியிருக்கிறது. நின்று கேட்பவருக்கு 120 வைக்கலாம்.

எலக்ட்ரானிக்ஸை விட நேரம் பிடித்தது பாட்டுத் தேர்வு.

பிறந்த வருஷத்தோடு 10-ஐயும் 25-ஐயும் தனித்தனியே கூட்டுங்கள். 1944 என்றால் 1954 முதல் 1969 வரை. அந்தப் பதினைந்து வருஷப் பாட்டுகளில்தான் அவர் மனதில் நிற்பவை அதிகம் கிடைக்கும். மதுரைக்கு வானொலி நிலையம் வந்தது 1987-ல்தான். அதற்கு முன் இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்டது திருச்சி நிலையம், விவித பாரதி, முக்கியமாக இலங்கை வானொலி. அந்த வயதுக்காரர்களிடம் "உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்" என்று கேட்டால் பதில் வராது. அவருடைய தம்பி, தங்கச்சி, மில்லில் கூட வேலை பார்த்தவர் ஆகியோரிடம் கேளுங்கள். பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்ததாக இருக்கும். கல்யாண வீட்டு சவுண்ட் சர்வீஸ், கோயில் கூம்பு ஒலிபெருக்கி, டீக்கடை ரேடியோ என்று இடத்தைச் சொல்லிக் கேட்டால் பட்டியல் நீளும்.

தாய்மொழியையும் விசாரியுங்கள். மதுரையில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் நிறைய. நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும், சின்ன வயசு மொழி மிஞ்சும். அறுபது வருஷம் தமிழிலேயே வியாபாரம் செய்தவரும் பாட்டி பாடிய சௌராஷ்டிர பஜனைக்குத் தாளம் போடுவார். இந்தப் பெரியவர் வீட்டில் தமிழ் மட்டும் என்பதால் அந்தச் சிக்கல் வரவில்லை.

ஒவ்வொரு பாட்டையும் பெட்டியில் ஏற்றும் முன் அவரோடு உட்கார்ந்து கேட்டு, நோட்டில் குறித்தோம்: கால் தட்டுகிறதா, உதடு அசைகிறதா, முகம் சுளிக்கிறதா, எழுந்து போகிறாரா. 'பிடிச்சிருக்கா' என்று கேட்பது வீண். மரியாதைக்கு ஆமாம் என்பார்.

எடுத்துவிட வேண்டிய பாட்டுகளின் பட்டியல் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. நடுவில் வசனம் வரும் சினிமாப் பாட்டு: யார் பேசுவது என்று தேடுவார். இடி, மழைச் சத்தத்தோடு தொடங்குவது: மாடியில் துணி காய்கிறது என்று கிளம்புவார். ரயில் ஊதல், குழந்தை அழுகை, கதவு தட்டும் ஓசை, எல்லாம் அதே கதைதான். கச்சேரிப் பதிவின் கடைசியில் கைதட்டல் வந்தால் வெட்டிவிடுங்கள். தாலாட்டுச் சிலருக்கு இதம், பிள்ளையை இழந்த தாய்க்குக் கொடுமை. வீட்டாரிடம் கேட்காமல் சேர்க்கக் கூடாது. சாவு ஊர்வலத்தில் வழக்கமாக ஒலிக்கும் சோகப் பாட்டுகள் எவ்வளவு புகழ்பெற்றவையாக இருந்தாலும் வேண்டாம். அழுதால் தப்பு என்றில்லை. கண் கலங்கி, கூடவே பாடி, முகம் தெளிந்தால் அந்தப் பாட்டு இருக்கட்டும். அழுகை நிற்காமல் யாரையோ தேடத் தொடங்கினால் அன்றே கார்டிலிருந்து நீக்கிவிடுவோம்.

சுதி பற்றி. டி.எம்.சௌந்தரராஜன், அவரும் மதுரைக்காரர்தான், சீர்காழி கோவிந்தராஜன் போன்றவர்களின் பாட்டுகள் உச்சத்தில் நிற்பவை. எண்பது வயதுத் தொண்டை அங்கே எட்டாது. முதல் வரியைக் கூடப் பாடிவிட்டு, அடுத்த வரியில் குரல் உடைந்ததும் நிறுத்திவிடுவார். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் வேகத்தை மாற்றாமல் சுதியை மட்டும் இரண்டு அரைச்சுரம் இறக்கினால் கூடவே பாடுகிறார். மூன்றுக்கு மேல் இறக்கினால் பாடகர் குரல் பிசாசு மாதிரி ஆகும். கேசட்டிலிருந்து எடுத்த பதிவுகள் சில ஏற்கெனவே வேகம் கூடியோ குறைந்தோ இருக்கும், அதை முதலில் சரி செய்ய வேண்டும். பாடிப் பழகியவருக்கு அது உடனே தெரியும்.

மீதி எல்லாம் எந்திர வேலை. ஒவ்வொரு பாட்டையும் மோனோவாக்கி, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றினோம். வயதானால் உச்ச அலைவரிசைதான் முதலில் கேட்காமல் போகும், சொற்கள் மங்கும். பிறகு எல்லாவற்றையும் ஒரே லவுட்னெஸுக்கு (காதில் விழும் சத்த அளவுக்கு), மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ்.-க்கு, கொண்டுவந்தோம். இதைச் செய்யாவிட்டால் 1955 பதிவு முனகும், அடுத்தது 1990-களில் மறுபதிவு செய்த தட்டு அலறும். முன்னாலும் பின்னாலும் இருந்த வெறுமையை வெட்டி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே 2 நொடி மட்டும் விட்டோம். 5 நொடி விட்டபோது பெட்டி நின்றுவிட்டதென்று எழுந்து வந்தார்.

காலைக் கோப்புறையில் நாகஸ்வரமும் பக்திப் பாட்டும். எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு வீட்டார் கேட்டுச் சேர்த்தது. பகலில் சினிமாப் பாட்டு. சாயங்காலம்தான் கவனிக்க வேண்டிய நேரம். பொழுது சாயும்போது பதற்றம் கூடி "வீட்டுக்குப் போகணும்" என்று, வீட்டிலேயே இருந்துகொண்டு, கேட்கும் வழக்கம் இந்த நோயில் பலருக்கு உண்டு. பதற்றம் பிடித்த பிறகு பாட்டுப் போட்டால் பயனில்லை. அவருக்கு ஆறு மணிக்குத் தொடங்கும் என்றால் ஐந்தரைக்கே யாராவது குமிழைத் திருப்ப வேண்டும், விளக்கையும் போட வேண்டும். முன்பில்லாத பதற்றம் திடீரென வந்தால் பாட்டை நம்பி உட்காராமல் மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா, வலியா என்று டாக்டரிடம் காட்டுவதே முறை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பாடும் பாட்டு கூடாது. வாயில் சோற்றோடு கூடப் பாடினால் புரையேறும். அதற்கு இரவுக் கோப்புறையின் வாத்திய இசையே போதும். குளிக்க அழைத்துப்போகப் பத்து நிமிடம் முன்னால் போட்டால் சண்டை குறைகிறது என்று வீட்டார் சொல்கிறார்கள்.

நாள் முழுக்க ஓடினால் பாட்டு வெறும் இரைச்சலாகிவிடும். 40 நிமிடத்தில் தானாக நிற்கும்படி செய்தோம். ஆனால் குமிழ் ஆனில் இருக்கப் பெட்டி மௌனமானால் மறுபடி 'கெட்டுப்போச்சு'. இதற்கு எதிர்பாராமல் கிடைத்த வழி மங்களம். 40 நிமிடம் ஆனதும், ஓடும் பாட்டு முடிந்த பின், எப்போதும் ஒரே நாகஸ்வர மங்களம் ஒன்றரை நிமிடம் வந்து, பிறகு நிற்கும். கச்சேரி முடிந்தது என்று புரிந்து, பல நேரம் அவரே எழுந்து குமிழை மூடுகிறார். கச்சேரி, கோயில் பழக்கம் இல்லாதவருக்கு இது பொருந்தாது. தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ வளர்ந்தவருக்கு வேறு முடிவு தேட வேண்டும்.

அடுத்த பெட்டியில் மாற்றப் போவது: கார்டைப் பின்பக்கத்திலிருந்தே எடுக்கும்படி நீட்சிப் பலகை. இப்போது ஒரு பாட்டை நீக்க ஆறு திருகு கழற்ற வேண்டியிருக்கிறது, அதற்குள் பெரியவர் தன் ரேடியோவைத் திருடுகிறார்கள் என்று கோபப்படுகிறார். ஸ்பீக்கர் துணிக்குப் பின்னால் கம்பி வலை, விரல் குத்தாமல் இருக்க. குமிழைத் தண்டோடு திருகால் இறுக்கும் வகை, இழுத்தால் கழன்று வராதது. கார்டின் நகல் ஒன்று உறையில் போட்டுப் பெட்டியின் அடியிலேயே ஒட்டி வைக்க வேண்டும். கார்டு செத்தால் புதிதாகப் பாட்டுத் தேடி ஏற்ற யாருக்கும் பொறுமை இருக்காது. நானோவின் நிரலையும் அதே கார்டில் தனிக் கோப்புறையில் போட்டு வைக்கலாம். 90 என்று பெயரிட்டு, புரோகிராமில் அந்த எண்ணை அழைக்காமல் விட்டால் பிளேயர் அந்தப் பக்கமே போகாது.